முன் ஆக்சில் இரண்டையும் கழற்றிவிட்டு ஏடிவியை ஓட்டலாமா?

கண்மாய்க்கரை (சனி, காலை 6.50)

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் நமக்கு ஒரு தோப்பு இருக்கிறது, மாவும் தென்னையும், நடுவில் கொஞ்சம் கடலை. அதில் ஓட்டுவதற்காக 570 சிசி ஏடிவி (மண், சேறு எல்லாவற்றிலும் ஓடுகிற நாலு சக்கர மோட்டார் வண்டி) ஒன்றை இரண்டு வருஷம் முன்னால் பழைய வண்டியாக வாங்கினேன். உரமூட்டை, மோட்டார், தண்ணீர் டிரம் எல்லாம் அதன் தலையில்தான் விடியும்.

ஒரு மாதமாக இடது பக்கம் திருப்பினால் முன்னால் கட கட கட என்று சத்தம். நேற்றுக் குனிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சக்கரத்தை ஒட்டிய ரப்பர் பூட் (ஆக்சில் தண்டின் மடங்குகிற ஜாயிண்டை மூடுகிற உறை) கிழிந்து தொங்குகிறது. காரணம் தெரியும். வரப்பு ஓரத்துச் சீமைக்கருவேலத்தை ஆள்விட்டு வெட்டினோம், சாய்வாக வெட்டிவிட்ட அடிக்கட்டை ஒவ்வொன்றும் ஈட்டி மாதிரி நிற்கிறது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், கிரீஸ் செம்மண்ணோடு சேர்ந்து அம்மியில் அரைத்த மிளகாய் மாதிரி வந்தது. விரலில் தேய்த்தால் நறநற.

விசாரித்த இடத்தில் இரண்டு ஆக்சிலையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள், சொன்ன விலைக்கு ஒரு கறவை மாடு பிடித்துவிடலாம், அதுவும் வர இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை முன் ஆக்சில் இரண்டையும் உருவிப் போட்டுவிட்டுப் பின் சக்கரத்தில் மட்டும் ஓட்டலாமா? இப்போதும் டூ வீலில் போட்டுத்தான் ஓட்டுகிறேன், முன் ஆக்சில் சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு தைரியம். மழை வேறு பிடித்துக்கொண்டிருக்கிறது, வண்டி இல்லாமல் முடியாது.

பழைய_ஜீப்காரன் (சனி, காலை 7.25)

இதற்கு எதற்குத் தம்பி இவ்வளவு யோசனை. உருவிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். எங்கள் பழைய ஜீப்பில் முன் பக்கம் ஏதாவது தகராறு என்றால் ஹப்பை (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) கழற்றி, ஆக்சிலை உருவி, ஹப்பை மறுபடி போட்டுவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறோம். டீசலும் மிச்சம், ஸ்டியரிங்கும் பூப்போல.

லேத்துப்பட்டறை (சனி, காலை 8.40)

ஜீப்காரர் சொன்னதை அப்படியே செய்துவிடாதீர்கள், சக்கரம் தனியாக ஓடும்.

ஜீப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு சுற்றாது, சக்கரம் அதன்மேல் சுற்றும், கடையாணி அதைப் பிடித்து வைத்திருக்கும். பழைய ஜீப்பின் முன் பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். சக்கரத்தின் பேரிங் ஸ்பிண்டில் என்ற குழாய்மேல் உட்கார்ந்திருக்கும், ஆக்சில் அந்தக் குழாய்க்குள்ளே போகிற வெறும் கம்பி, உருவினாலும் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஏடிவியில் அந்தக் குழாயே கிடையாது. வெளி ஜாயிண்டின் வாலாக நீட்டிக்கொண்டிருக்கிற, நீளவாக்கில் பல் வெட்டிய ஸ்ப்லைன் தண்டுதான் ஹப்புக்குள் போய், நக்கிளில் (ஸ்டியரிங்கோடு திரும்புகிற துண்டு) இருக்கிற பேரிங்கையும் ஹப்பையும் பெரிய நட்டோடு சேர்த்துக் கவ்விப் பிடிக்கிறது. அச்சும் அதுதான், கடையாணி மாட்டுகிற இடமும் அதுதான். அதை எடுத்துவிட்டால் ஹப் வெறுமனே செருகியபடி நிற்கும். தள்ளிப் பார்த்தால் ஓடுகிற மாதிரிதான் இருக்கும், கண்மாய்க் கரையில் ஏறித் திரும்பும்போது டிஸ்க்கோடு சேர்ந்து சக்கரம் வெளியே வரும். எங்கள் பட்டறைக்கு அப்படி ஒரு வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஓட்டின பையனுக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது.

அடுத்தது உங்கள் தைரியம். டூ வீலில் போட்டால் எஞ்சின் முன் சக்கரத்தைச் சுற்றாது, அவ்வளவுதான். தரையில் உருளுகிற சக்கரம் ஆக்சிலைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. மண் போன ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் தன்னைத்தானே அரைக்கிறது. ஒருநாள் உள்ளே குண்டு உடைந்து சிக்கினால் சக்கரம் இறுகும், தண்டு கழன்று ஆடினால் பிரேக் ஹோஸை அறுக்கும். அதனால் கழற்றுகிற யோசனை சரி, வால் இல்லாமல் ஓட்டுகிற யோசனைதான் தப்பு.

பழைய_ஜீப்காரன் (சனி, காலை 9.05)

சரி, அந்த ஹப் விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆக்சில் இல்லாமல் ஓட்டவே கூடாது என்று பயமுறுத்தாதீர்கள். வழி இருக்கும்.

லேத்துப்பட்டறை (சனி, காலை 9.20)

இருக்கிறது, சொல்கிறேன். கடையில் ஆள் நிற்கிறது, மத்தியானம் எழுதுகிறேன்.

பள்ளத்தூர்_ஆச்சி (சனி, காலை 10.10)

எங்கள் பழைய வீட்டை விருந்தினர் தங்குகிற இடமாக நடத்துகிறோம், தோட்டத்தைச் சுற்றிக்காட்ட இரண்டு ஏடிவி இருக்கிறது. போன வருஷம் இதே பூட் பிரச்சினை. வேலைக்கு வந்த பையன் நடுத்தண்டைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தான். ஆக்சில் வரவில்லை, உள் ஜாயிண்ட் பிளந்து நடுத்தண்டு மட்டும் கையோடு வந்தது, பூட்டுக்குள்ளே குண்டெல்லாம் உதிர்ந்து கிடந்தன. மணலில் விழுந்ததைப் பொறுக்கி எடுத்து எண்ணினால் ஒன்று குறைகிறது. கடைசியில் அது பூட் மடிப்புக்குள் இருந்தது, அதற்குள் அவன் பாதி முற்றத்தைத் தோண்டிவிட்டான். எப்படி இழுக்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள் அண்ணே, எல்லோருக்கும் உதவும்.

கண்மாய்க்கரை (சனி, காலை 11.30)

லேத்து அண்ணே, ஆச்சி, நன்றி. வண்டியை நிறுத்திவிட்டேன். கழற்றலாம் என்று ஆரம்பித்தால் முதல் படியிலேயே நிற்கிறேன், நடு நட்டு அசைய மாட்டேன் என்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேனரைப் போட்டால் ஹப்பே சேர்ந்து சுற்றுகிறது. இடது பக்கத்துக்கு எதிர் மரையா?

சாக்கோட்டை_டிராக்டர் (சனி, மதியம் 12.15)

எதிர் மரை எல்லாம் இல்லை தம்பி, பெரும்பாலான ஏடிவியில் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான். வரிசைதான் மாறிப்போச்சு. சக்கரத்தைத் திரும்ப மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். நடு மூடியை நெம்பி எடுத்துவிட்டு, காட்டர் பின்னை (நட்டு கழலாமல் பூட்டுகிற பிளவுக் கம்பி) நேராக்கி உருவுங்கள். பின் உடைந்து உள்ளே நின்றால் ஆணியால் தட்டி வெளியே தள்ளுங்கள், அதை விட்டுவிட்டு நட்டைத் திருகினால் மரை போகும். துரு எண்ணெய் அடித்து ஒரு டீ குடிக்கிற நேரம் விடுங்கள். அப்புறம் ஒருவர் வண்டிமேல் உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீளமான கைப்பிடியில் சாக்கெட் போட்டு, கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயையும் செருகி இழுங்கள். முதல் அசைவு மட்டும் தரையில் வைத்து. அதற்குப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

சாக்கெட் ஆறு முனை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு முனை போட்டு நட்டின் மூலையை மழுக்கிவிட்டு என்னிடம் வெல்டிங் கேட்டு வராதீர்கள்.

லேத்துப்பட்டறை (சனி, மதியம் 2.30)

டிராக்டர்காரர் சொன்னது சரி. நட்டு இளகினதும் கீழே சொல்கிற மாதிரி செய்யுங்கள்.

பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். முன் சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தோப்பில் வேலை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வையுங்கள், மழை ஈரம் இருக்கிற செம்மண்ணில் ஸ்டாண்டின் கால் நம் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். சக்கரத்தை எடுத்ததும் காலிபரின் (டிஸ்க்கைக் கவ்வுகிற பிரேக் பகுதி) இரண்டு போல்ட்டையும் கழற்றி, காலிபரைக் கட்டுக்கம்பியால் மேலே எங்காவது கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. நட்டை முழுதும் எடுத்தால் ஹப்பும் டிஸ்க்கும் கையோடு வந்துவிடும், வராவிட்டால் ரப்பர் சுத்தியால் பின்னாலிருந்து தட்டுங்கள்.

இப்போது நக்கிளை விலக்க வேண்டும். மேல் பால் ஜாயிண்டை (நக்கிளை மேல் ஆர்மோடு, அதாவது சஸ்பென்ஷன் கையோடு, சேர்க்கிற மூட்டு) பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றி, நக்கிளின் வாயைச் சின்ன உளி வைத்து ஒரு மயிரிழை விரித்தால் பால் ஜாயிண்ட் மேலே வந்துவிடும். சில வண்டியில் இது நட்டுப் போட்ட கூம்புத் தண்டாக இருக்கும், அதற்குப் புல்லர் வேண்டும், மரைத் தலையில் சுத்தியால் போடாதீர்கள். மேலே விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். ஸ்ப்லைன் வாலைக் கையால் உள்ளே தள்ளினாலே ஹப் பக்கம் விடுபடும். ஆக்சிலைத் தொங்க விடாமல் ஒரு கை தாங்கிக்கொள்ளட்டும், இல்லையென்றால் உள் பூட்டும் போகும்.

இனிமேல்தான் ஆச்சி கேட்டது. உள் பக்கம் முன் பெட்டிக்குள் (முன் சக்கரங்களுக்கு ஓட்டத்தைக் கொடுக்கிற கியர் பெட்டி) நுழைகிற ஸ்ப்லைனின் நுனியில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டி, அதில் கம்பி வளையம் மாதிரி ஒரு சர்க்ளிப் போட்டிருப்பார்கள். அது உள்ளே விரிந்து மாட்டிக்கொள்வதால்தான் ஆக்சில் தானாக வெளியே வருவதில்லை. அதைச் சுருங்க வைக்க ஒரு வெடுக்கு வேண்டும், மெதுவான இழுவைக்கு அது மசியாது. நடுத்தண்டைப் பிடிக்கவே கூடாது, உள் ஜாயிண்ட் நீளவும் சுருங்கவும் ஆனது, ஓரளவுக்கு மேல் இழுத்தால் பிரிந்துவிடும். தண்டை முழுதும் உள்பக்கமாகத் தள்ளி, ஜாயிண்டின் கிண்ணத்தையே இரண்டு கையாலும் பிடித்து, காலை ஃபிரேமில் ஊன்றிக்கொண்டு, கோணாமல் நேராக வெடுக்கென்று இழுங்கள். ஒன்று இரண்டு முறையில் டக்கென்று வரும். வரவில்லை என்றால் கிண்ணத்தைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி. சர்க்ளிப்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து ஒரு இடத்தில் பிடிவாதம் பிடிக்கும், இன்னொரு இடத்தில் சுலபமாக விடும். கடைசி வழியாகத்தான் கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் எதிரெதிரே இரண்டு தட்டை நெம்புகோல். கடப்பாரை வேண்டாம், பெட்டி அலுமினியம், ஆயில் சீலின் உதடும் அங்கேதான் இருக்கிறது.

கீழே ஒரு தட்டு வையுங்கள், கொஞ்சம் ஆயில் வழியலாம். முன் பெட்டி மொத்தமே கால் லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும், அதனால் வழிகிற கொஞ்சமும் பெரிய கணக்குதான். நிரப்பும்போது கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். ரோலர் கிளட்ச் (உருளைகள் நெருக்கிக் கடிக்கிற அமைப்பு) உள்ள பெட்டியில் டிராக்டருக்கு வாங்கின தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலை ஊற்றினால் அது சரியாகக் கடிக்காது.

சும்மா_படிப்பவன் (சனி, மாலை 5.00)

ஒரு சந்தேகம். சத்தம் வருகிற பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு, மறுபக்கத்தை வைத்து முன் இழுவையோடு ஓட்டலாமே? மூன்று சக்கரமாவது இழுக்கும்.

பழைய_ஜீப்காரன் (சனி, மாலை 5.40)

இது எனக்குத் தெரிந்த பாடம். இழுக்காது. சாதாரண டிப்ரென்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பங்கிடுகிற கியர்) சுமை இல்லாத பக்கத்துக்குத்தான் ஓட்டத்தைக் கொடுக்கும். ஒரு பக்கம் ஆக்சில் இல்லை என்றால் அந்தக் காலிப் பக்கம் உள்ளே வெறுமனே சுற்றும், இருக்கிற பக்கம் அசையாது. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்போது மறு சக்கரம் நிற்குமே, அதே கதை.

லேத்துப்பட்டறை (சனி, மாலை 6.15)

ஜீப்காரர் சொன்னது டிப்ரென்ஷியல் உள்ள வண்டிக்குச் சரி. பொலாரிஸ் கம்பெனி ஏடிவி மாதிரி வண்டிகளின் முன் பெட்டி வேறு ரகம். பின் சக்கரம் வழுக்கி முன்னதை முந்தினால் உள்ளே உருளைகள் நெருக்கிக் கடித்து முன் சக்கரங்களை இழுக்கும், அதில் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கடிக்கும். ஒரு பக்கம் இல்லாவிட்டாலும் மறுபக்கம் இழுக்கும், ஆனால் அப்போது ஹேண்டில் ஒரே பக்கமாக வெட்டும். சேற்றில் கை மணிக்கட்டைத் திருப்பிவிடும். எந்த ரகமானாலும் ஒற்றை ஆக்சிலோடு முன் இழுவை வேண்டாம்.

காலையில் பாக்கி வைத்த விஷயம். கழற்றின ஆக்சிலை வைஸில் பிடித்து, பூட்டை அறுத்து எறிந்து, கிரீஸைத் துடையுங்கள். வெளி ஜாயிண்ட் நடுத்தண்டில் உள் சர்க்ளிப்பால் நிற்கும், பித்தளைக் கட்டியை நடுவளையத்தில் வைத்துச் சுத்தியால் ஒரு அடி கொடுத்தால் பெரும்பாலும் தண்டிலிருந்து கழலும். அப்புறம் கூண்டைச் சாய்த்துச் சாய்த்து ஆறு குண்டையும் ஒவ்வொன்றாக எடுங்கள். மிச்சம் இருப்பது வாலோடு கூடிய வெறும் கிண்ணம். அந்தக் கிண்ணத்தை மட்டும் ஹப்பில் செருகி, வாஷர், நட்டு, புது காட்டர் பின் போட்டு, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். உங்கள் கடையாணி வந்தாச்சு, இடையில் தண்டு இல்லை. கிண்ணத்தின் வாயில் துணி அடைத்துப் பாலிதீன் கட்டினால் சேறு அண்டாது. ஹேண்டிலைக் கடைசி வரை இரண்டு பக்கமும் திருப்பி, கிண்ணம் ஆர்மில் உரசவில்லை என்று பாருங்கள்.

பெட்டிப் பக்கத்து ஓட்டையைத் திறந்து விடாதீர்கள். உள் ஜாயிண்டின் கிண்ணத்தைத் தண்டிலிருந்து பிரித்து, அதை மட்டும் பெட்டியில் திரும்பச் செருகினால் அதுவே மூடி. முக்கியமாக, நாலு வீல் சுவிட்சின் பியூஸை உருவி, டேப் ஒட்டி ஹேண்டில் பாரில் கட்டுங்கள். பழக்கத்தில் கை சுவிட்சுக்குப் போகும்.

கண்மாய்க்கரை (ஞாயிறு, இரவு 8.20)

காலை ஏழுக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் நாலரைக்கு முடிந்தது. இடது பக்கம் இரண்டு மணி நேரம்தான். குழாய் போட்டு இழுத்ததும் நட்டு கீச்சென்று கத்திக்கொண்டு இளகியது. கிண்ணத்தைப் பிடித்து மூன்றாவது வெடுக்கில் டக். உண்மையிலேயே அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு சந்தோஷம், நான் பின்னால் விழுந்தது வேறு விஷயம், சித்தப்பா மகன் இன்னும் சிரிக்கிறான்.

வலது பக்கம் உயிரை எடுத்துவிட்டது. பத்துத் தடவை இழுத்தும் அசையவில்லை. அண்ணன் சொன்ன மாதிரி கால் கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொரு இடத்திலும் இழுத்தோம், முக்கால் சுற்றில் வந்தது. சர்க்ளிப்பை எடுத்துப் பார்த்தால் ஒரு முனை வளைந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, முன்னால் யாரோ அவசரத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

பிரித்துக் கழுவினதில் வலது ஜாயிண்ட் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது, குண்டெல்லாம் பளபளவென்று இருக்கிறது. இடதுதான் மோசம், கிண்ணத்தில் குண்டு ஓடுகிற தடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம், இரண்டு குண்டில் தோல் உரிந்த மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் வெறும் கிண்ணத்தைப் போட்டு முறுக்கி, தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒரு சத்தமும் இல்லை, ஹேண்டிலும் லேசாக இருக்கிறது.

பள்ளத்தூர்_ஆச்சி (ஞாயிறு, இரவு 9.00)

நல்லதாப் போச்சு. கழுவின இடம் எது? வளவில் வைத்துக் கழுவவில்லையே? எங்கள் பையன் செய்த காரியத்தில் ஆத்தங்குடிக் கல்லில் வட்டமாக ஒரு கிரீஸ் கறை, சிமெண்டுக் கல் எண்ணெயைக் குடித்துவிடும், என்ன தேய்த்தும் போகவில்லை. இப்போது அதன்மேல் ஒரு பித்தளை அண்டாவை வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சாக்கோட்டை_டிராக்டர் (திங்கள், காலை 6.30)

பின் சக்கரம் மட்டும்தான் என்பதை மறந்துவிட்டுக் கண்மாய்க்குள் இறங்காதீர்கள். கரையிலிருந்து இறங்கும்போது முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். ஆக்சில் இல்லாவிட்டாலும் டிஸ்க் ஹப்பில்தான் இருக்கிறது, பிரேக் வழக்கம்போல வேலை செய்யும்.

லேத்துப்பட்டறை (திங்கள், காலை 9.45)

நகம் மாட்டினால் அந்த ஜாயிண்ட் முடிந்தது, இடதுக்குப் புது ஆக்சில் சொல்லிவிடுங்கள். வலதுக்குப் பூட், கிளாம்ப், புது சர்க்ளிப் போதும், முழு ஆக்சில் விற்கப் பார்ப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். கிரீஸ், சீவி ஜாயிண்டுக்கென்று (இந்த மடங்குகிற ஜாயிண்டின் பெயர் அதுதான்) வருகிற கறுப்பு மாலி கிரீஸ், மாலிப்டினம் கலந்தது. டிராக்டரில் அடிக்கிற மஞ்சள் கிரீஸ் வேண்டாம். கடைசிக் கிளாம்பை இறுக்கும் முன் பூட்டின் உதட்டுக்கு அடியில் சின்ன ஸ்க்ரூடிரைவரைச் செருகி உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள், இல்லையென்றால் பூட் பலூன் மாதிரி உப்பி சீக்கிரம் கிழியும். இரண்டாக வெட்டி ஒட்டுகிற பூட் விற்கிறார்கள், தார்ரோட்டுக் காருக்கு ஒருவேளை ஆகும், உங்கள் சேற்றுக்கு ஒரு மாதம் வராது.

ஆக்சிலைத் திரும்பச் செருகும்போது சர்க்ளிப்பைக் கொஞ்சம் கிரீஸ் வைத்துப் பள்ளத்தின் நடுவில் நிறுத்துங்கள், டக்கென்று உட்கார்ந்ததும் கிண்ணத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

கண்மாய்க்கரை (ஏழு வாரம் கழித்து, சனி, மாலை 6.10)

எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வந்தேன். நடுவில் இரண்டு முறை மாட்டினேன், இரண்டும் கண்மாய் உள்வாயில்தான், டிராக்டர் அண்ணன் சொன்னதை மதிக்காததால். பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார், இரண்டாவது தடவை டீக்குக் காசு கேட்டார்.

இடதுக்குப் புது ஆக்சில், வலதுக்குப் பூட் மட்டும். இந்தத் தடவை மாட்டுவதற்கு அரை நாள் கூட ஆகவில்லை. பழைய லாரி மட்கார்டு ரப்பரை அகலமாக வெட்டி இரண்டு பக்கமும் கீழ் ஆர்மில் போல்ட் போட்டு முட்டுக்கு நிறுத்தியிருக்கிறேன், கருவேலங்கட்டை முதலில் அதைத்தான் குத்தும். கட்டைகளையும் இப்போது தரையோடு தரையாக வெட்டச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று அண்ணே. எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தால் நாலு வீல் இழுக்கவே இல்லை. ஆயிலை மாற்றினேன், வயரை எல்லாம் ஆட்டிப் பார்த்தேன், பெட்டியையே பிரிக்கலாம் என்று ஸ்பேனரை எடுத்துவிட்டேன். அப்போதுதான் சித்தப்பா மகன் ஹேண்டில் பாரைக் காட்டினான்.

லேத்துப்பட்டறை (சனி, மாலை 6.25)

பியூஸா?

கண்மாய்க்கரை (சனி, மாலை 6.27)

பியூஸ்தான்.